கையறுநிலையும் ஐந்நிலைக் கொள்கையும்

தொல்காப்பியர் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகக் கையறுநிலையை வைத்தார். மாண்டோரைக் குறித்து எஞ்சினோர் புலம்பும் புலம்பல் அது. அதன் பெயரே நோக்கற்குரியது. செய்வதறியாது நின்றவரின் நிலையே துறைக்குப் பெயராயிற்று, மாண்டவரின் புகழன்று.

இத்துறைப் பாடல்களை உளநூல் கொண்டு ஆராயப் புகும் மாணவர் பலர், எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் வெளியிட்ட நூலின் ஐந்நிலைகளையே அளவுகோலாகக் கொள்கின்றனர். மறுத்தல், சினத்தல், பேரம் பேசுதல், சோர்தல், ஏற்றல் என்பன அவை. அந்நூல் சிகாகோ நகரில் இறப்பை எதிர்நோக்கியிருந்த நோயாளரோடு உரையாடியதன் பயன். தம் சாவை எதிர்கொள்வாரைப் பற்றிய கருத்தே பின்னர்ப் பிறர் சாவுக்கு வருந்துவார்க்கும் விரிக்கப்பட்டது. ஆதலின் அளவுகோலே ஈண்டுப் பொருந்துமா என்பது முதல் ஐயம்.

புறநானூற்று 236-ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். பாரி மாய்ந்தபின், அவன் மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்து வடக்கிருந்த கபிலர் பாடியது அது. தன்னுடன் வர இசையாது 'நீ இரு' என்றதனால் பாரி தம் நட்புக்கு ஒத்தவனல்லன் என்கிறார். தம்மைப் புரந்த காலமெல்லாம் வெறுத்தேயிருந்தான் போலும் என்றும் நோகிறார். இதனை இரண்டாம் நிலையாகிய சினம் எனக் குறித்து மேற்செல்வது எளிது. ஆனால் இது சினமன்று, புலவி. உடனிருப்பாரிடத்தன்றிப் புலவி நிகழாது. மறுமையிலும் அவனோடு கூட்டுமாறு ஊழை வேண்டியே பாட்டு முடிகிறது. ஏற்றல் என்று சொல்லத்தக்கது அதில் யாதுமில்லை.

பாரி மகளிரின் 112-ஆம் பாட்டோ புலம்பல் என்ற பெயருக்கே மாறுபட்டது போலத் தோன்றும். துயரைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. சென்ற திங்களின் நிலவும் இத்திங்களின் நிலவும் ஒன்றே. தந்தையும் குன்றும் மட்டும் இல்லை. வந்த நிலவே இழப்பை அளக்கிறது. உளநூலார் எவரும் இவ்வளவு சுருங்கச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

மாண்டார்மேல் வைத்த பற்றைச் சிறிது சிறிதாக விடுவித்தலே துயரின் வேலை என்று பிராய்டு 1917-இல் எழுதினார். 1920-இல் அவர் மகள் சோஃபி இறந்தார். 1929-இல் நண்பர் பின்சுவாங்கருக்கு வரைந்த மடலிலோ, அவ்விடம் எதனாலும் நிரம்பாது, அதுவே தக்கதும் ஆம் என்றார். கிளாஸ் முதலியோர் 1996-இல் தொகுத்த நூல், மாண்டாரோடு உறவு தொடர்தல் இயல்பே என நிறுவ முயன்றது.

இத்தொடருறவுக் கொள்கையே நம் பாடல்களுக்கு அணுக்கமானது. பொத்தியார் கோப்பெருஞ்சோழனின் நடுகல்லிடம் தமக்கு இடம் கேட்கிறார். கல்லாகியும் அவன் இடங்கொடுத்தான் என்கிறார். எனினும் எல்லாப் பாட்டும் இக்கொள்கைக்கும் அடங்கா. அதியமானின் நடுகல்முன் நின்ற ஔவையார் (232), சிறு கலத்தில் ஊற்றிய கள்ளை அவன் கொள்வானோ என ஐயுறுகிறார். மாண்டவன் உண்பானோ என்பதன்று அவர் ஐயம். மலைநாட்டையே கொடுப்பினும் கொள்ளாதவன் இதனையா கொள்வான் என்பதே.