பாவமன்னிப்புக்குப் பிறகு ஒரு பாக்கி

சிறையிலிருந்து வெளியே வந்தவர்களை நான் பெரும்பாலும் சிங்கப்பூரின் டோபி காட்டில்தான் சந்திப்பேன். மூன்று எம்ஆர்டி பாதைகள் கூடும் நிலையம். உட்லண்ட்ஸ்காரருக்கும் வசதி, பொங்கோல்காரருக்கும் வசதி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சிறைவாசிகளைப் பார்க்கப் போகும் கத்தோலிக்கத் தொண்டர்களில் நானும் ஒருவன். கோப்பி வந்ததும் அநேகமாக எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் எடுப்பார்கள். "அண்ணே, பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஃபாதரும் மன்னிப்பு குடுத்துட்டாரு. ஆனா மனசு ஆறலையே?"

ஆறாததில் வியப்பில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் மனம் வருந்துவது, வாய்விட்டு அறிக்கையிடுவது, பரிகாரம் செய்வது என மூன்றும் பாவியின் பங்கு. குரு மன்னிப்பு வழங்கியதும் பாவம் போகிறது. அந்தப் பாவத்தால் அடுத்தவருக்கு ஏற்பட்ட நஷ்டம் போய்விடுவதில்லை என்பதே திருச்சபையின் போதனை. திருடியதைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பெயரைச் சரிசெய்ய வேண்டும். நம்மில் பலர் மூன்று அருள்நிறை மரியே சொல்லிவிட்டு, எல்லாம் முடிந்ததென்று எழுந்து வந்துவிடுகிறோம்.

லூக்கா நற்செய்தியில் வரும் சக்கேயு வரி வசூலித்துப் பணம் சேர்த்தவன். சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறான். எப்போது சொல்கிறான்? இயேசு அவன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தபிறகு. கணக்கைத் தீர்த்துவிட்டு வா என்றிருந்தால் அவன் இயேசுவைப் பார்க்க ஏறிய மரத்தைவிட்டே இறங்கியிருக்க மாட்டான்.

சீட்டுப் பணத்தைக் கையாடிச் சிறை போன ஒருவர், பணம் இழந்த அக்காவின் வீட்டு வாசலில் காலில் விழப்போவதாகச் சொன்னார். "வேண்டாம் தம்பி" என்றேன். அடுக்குமாடித் தாழ்வாரத்தில் அக்கம்பக்கம் எட்டிப் பார்க்க, ஒருவர் காலில் விழுந்து கிடந்தால் அந்த அம்மா என்னதான் செய்வார்? மன்னிப்புக் கேட்பதும் ஒரு மிரட்டலாகிவிடும். இருவருக்கும் தெரிந்த பெரியவர் மூலம் ஒரு கடிதம், மாதாமாதம் முடிந்த தொகை. பதில் வராவிட்டாலும் தொகை நிற்கக் கூடாது. இதுதான் பேசி முடிவானது.

இழந்தவருக்கும் காலம் வேண்டும். 1995 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தில் பேருந்தில் போய்க்கொண்டிருந்த அருட்சகோதரி ராணி மரியாவைக் குத்திக் கொன்றவர் சமுந்தர் சிங். ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் கன்னியாஸ்திரீதான். அவர் சிறைக்கே போய்ச் சமுந்தர் கையில் சகோதர உறவின் அடையாளமாக ராக்கி கட்டியது 2002-ல். இடையில் ஏழு ஆண்டுகள். 2006-ல் விடுதலையானபின் சமுந்தர் கேரளாவுக்குப் போய் அந்தக் குடும்பத்தாரைச் சந்தித்தார். 2017 நவம்பரில் இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் வழங்கியபோது கூட்டத்தில் அவரும் இருந்தார்.

ஊரும் இடம் கொடுக்க வேண்டும். டோபி காட்டிலிருந்து பிராஸ் பாசா சாலையில் இறங்கினால், 1841 முதல் இந்தியக் கைதிகளை அடைத்து வைத்திருந்த சிறை இருந்த பகுதி வரும். செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியவர்கள் அவர்கள்தாம். உட்சுவரில் பூசியது சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை சேர்ந்த சாந்து. 1873-ல் அந்தக் கைதி முறை முடிந்தபின் பலர் இங்கேயே குடியேறினார்கள். இப்போது 2004-லிருந்து மஞ்சள் ரிப்பன் திட்டம் இருக்கிறது. சிறையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுங்கள், வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறது.

கோயில்களில்தான் ஒரு தவறு நடக்கிறது. வெளியே வந்தவரை உடனே மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்கிறார்கள். அல்லது நம்பிக்கையைக் காட்டுவதாக நினைத்துக் காணிக்கை எண்ண உட்காரவைக்கிறார்கள். சீட்டுக்காரத் தம்பியையும் காணிக்கை எண்ண உட்காரவைக்கும் யோசனை வந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. மன்னிக்கப்பட்டவரிடம் பணப்பெட்டிச் சாவியையும் கொடுத்தாக வேண்டும் என்று எந்த மறைநூலும் சொல்லவில்லை. இப்போது ஞாயிறு மதியச் சமையல் அவர் பொறுப்பு. சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று பெண்கள் அவரைத் தாராளமாகவே திட்டுகிறார்கள்.