கிண்டியில் மழைக்கு ஓர் இடம்

நகரத்துக் காலிமனை மழைநீரைத் தாங்க வேண்டுமானால் மண் திறந்திருக்க வேண்டும். நீர் தங்கப் பள்ளமும் வேண்டும். கான்கிரீட்டில் விழும் மழை அப்படியே வழிந்து தாழ்வான தெருக்களில் புகுந்துவிடும். செடி, கொடிகளின் வேர்கள் இளக்கிய மண்ணோ அதை மெல்ல உறிஞ்சி நிலத்தடிக்கு அனுப்பும்.

சென்னை கிண்டியில் குதிரைப் பந்தயத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்த சுமார் 160 ஏக்கரைத் தமிழக அரசு 2024 செப்டம்பரில் மீட்டது. அருகிலுள்ள வேளச்சேரி அடிக்கடி வெள்ளத்தில் தவிப்பதால், அந்தப் பருவமழைக் காலத்திலேயே மாநகராட்சி அங்கே குளங்களை வெட்டியது. கிண்டிப் பக்கத்து வெள்ளம் வேளச்சேரியை நோக்கி ஓடுவதற்கு முன்பே தேக்குவதுதான் நோக்கம். 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கும் பொறுப்பு தோட்டக்கலைத் துறைக்குத் தரப்பட்டது. பெருநகரின் நடுவே இவ்வளவு நிலம் கட்டடமாகாமல் தப்பியது பெரிய காரியம்.

சிறிய மனைகளுக்கும் வழியுண்டு. சென்னை மாநகராட்சியின் 'ஸ்பாஞ்ச் பூங்கா'க்களில் சிறு குளத்தில் நீர் தேங்கி, மண்ணில் இறங்குகிறது. குளத்தைத் தூர்வாராமல் விட்டால் வண்டல் படிந்து, உறிஞ்சும் திறன் போய்விடும்.

சென்னைக்கு வடக்கே, அதே வடகிழக்குப் பருவமழையில் நனையும் ஆந்திரத் தொழில் நகரமான ஸ்ரீ சிட்டியில் தொழிற்சாலைகள் பெருகிவருகின்றன. அங்கே இத்தகைய பள்ளங்களுக்கான இடத்தை, மனைகள் நிரம்புவதற்கு முன்பே ஒதுக்கிவிட வேண்டும்.