கருங்கல் மேல் இருந்தால் வெந்த கல் ஆகுமா?

நாகலாபுரம் வேதநாராயணரைச் சேவித்துவிட்டு அப்படியே திருமலைக்குப் போகிறவர்கள் நம்மவரில் ஏராளம். மலைப்பாதையில் பஸ் ஏறும்போது ஓரத்துப் பாறையைச் சற்றுக் கவனியுங்கள். கீழே கருங்கல். அதன் மேல் படுக்கை படுக்கையாகக் குவார்ட்சைட் கல். நகரி மலையின் பெயரால் 'நகரி குவார்ட்சைட்' என்றே அதை அழைக்கிறார்கள்.

கருங்கல், பூமிக்கு அடியில் கொதித்த குழம்பு ஆறி இறுகியது. அந்தச் சூட்டில் வெந்துதான் மேலே இருந்த மணற்கல் குவார்ட்சைட் ஆனதா? இல்லை! கருங்கல் ஆறி, வெளியே தெரிந்து, தேய்ந்த பிறகே அதன் மேல் மணல் படிந்தது. நடுவே பல கோடி ஆண்டு இடைவெளி. இந்தச் சந்திப்பு தேசியப் புவியியல் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

வகை பிரிப்பது எப்படி?

முன்பே இருந்த பாறைக்குள் குழம்பு புகுந்தால்தான் அது வேகும். மூலக்கல் எது, பட்ட சூடு எவ்வளவு என்ற இரண்டையும் வைத்து வகை பிரிப்பார்கள். சுண்ணாம்புக்கல் வெந்தால் சலவைக்கல். களிமண் கல் வெந்தால் 'ஹார்ன்பெல்ஸ்' என்ற கெட்டிக்கல். பட்ட சூட்டை உள்ளே பிறந்த கனிமங்கள் காட்டிக் கொடுக்கும். நார்வே நாட்டில் ஓஸ்லோ வட்டார ஹார்ன்பெல்ஸ்களை, 1911-ல் கோல்ட்ஷ்மிட் என்ற அறிஞர் கனிமங்களை வைத்தே 10 வகையாகப் பிரித்தார்.

புலிவெந்துலாவில்...

வெந்த கல் நமக்குப் பக்கத்திலேயே உண்டு. கடப்பை மாவட்டம் புலிவெந்துலாவில், டோலமைட் எனும் மக்னீசியச் சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு இடையே டாலரைட் குழம்பு புகுந்தது. சூடு, சிலிகா, நீர் மூன்றும் சேர, டோலமைட் செர்பென்டைனாக மாறியது. அதன் வெடிப்புகளில் நூல் நூலாகக் கல்நார் விளைந்தது. ஆஸ்பெஸ்டாஸ் என்பது இதுதான்! இரண்டு கற்களும் சந்திக்கும் இடத்தைக் கண்டுகொண்டால், கல்நாரை எங்கே தேடுவது என்பது தெரிந்துவிடும்.

தூசியில் ஆபத்து

கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோய் 20, 30 ஆண்டு கழித்தும் வரலாம். எனவே மத்திய அரசு 1986-ல் புதிய சுரங்கக் குத்தகையையும், 1993-ல் பழைய குத்தகைகளைப் புதுப்பிப்பதையும் நிறுத்தியது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் வைத்திருக்க வேண்டும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

கல்நார் ஆலைகளில் உழைத்தவர்கள் டாக்டரிடம் போகும்போது அந்த வேலையைப் பற்றி மறக்காமல் சொல்ல வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்ற நேர்ந்தால், நனைத்துக் கழற்றுங்கள், உடைக்காதீர்கள்!