எந்தத் தரை ஏற்ற தரை?

வீடு கட்டுவோர் வாசல் நிலையின் வேலைப்பாட்டைப் பார்ப்பர். சுவரின் வண்ணத்தைப் பார்ப்பர். நாள் முழுதும் நம்மைத் தாங்கும் தரையையோ, அது வெடித்த பிறகுதான் குனிந்து பார்க்கிறோம். எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையை மாற்ற வேண்டிய நிலை வந்தபோது, நான் விசாரித்து அறிந்தவற்றை நண்பர்களுக்குப் பயன்படும் எனக் கருதி எழுதுகிறேன்.

முதலில், தரை ஏன் வெடிக்கிறது? எங்கள் ஊராகிய இளையரசனேந்தல் கரிசல் பூமி. கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுதி. அதன் நுண்ணிய அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். ஈரத்தைப் பிடித்து வைத்துப் பருத்தியை வளர்க்கும் இக்களியே வீட்டுத் தரைக்குப் பகையாகிறது. ஐப்பசி மழையில் தரையை மேலே தள்ளுகிறது. கோடையில் அடியில் இடைவெளி விட்டு இறங்குகிறது.

ஆகவே, மேலே பதிப்பது சலவைக்கல்லே ஆயினும், அடியில் கரிசல் இருக்குமானால் அதுவும் ஒருநாள் வெடிக்கும். "மேல போடுறத அப்புறம் பாக்கலாம் தம்பி, கீழ இருக்கிறத மொதல்ல பாரு" என்றார் எங்கள் கொத்தனார். கரிசலைத் தோண்டி எடுத்து, சரள் மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, நீர் தெளித்துத் திமிசால் இடித்து, அதன்மேல் ஜல்லிக் கான்கிரீட் போட வேண்டும். சுவரோரம் மழைநீர் தேங்காமல் வழிந்தோடச் செய்வதும் இவ்வேலையில் சேர்ந்ததே.

இனி, மேலே போடுபவற்றைப் பார்ப்போம்.

காவித் தரை, சிமெண்டுடன் இரும்பு ஆக்சைடு கலந்து தேய்த்து மெருகிடுவது. குளிர்ச்சியானது, ஆனால் கைதேர்ந்த கொத்தனார் வேண்டும். வெடித்தால், ஒட்டுப் போட்ட நிறம் பழைய நிறத்தோடு சேராது.

ஆத்தங்குடிக் கல், செட்டிநாட்டில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டுக் கையால் செய்யப்படுவது. இதைச் சூளையில் சுடுவதில்லை. நீரில் ஊறவைத்தே இறுகச் செய்கின்றனர். நடக்க நடக்க மெருகேறும்.

கடப்பைக்கல்லும் சலவைக்கல்லும் கால்சியம் கார்பனேட் மிகுந்தவை. புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ சிந்தினால் அமிலம் வினைபுரிந்து மெருகைத் தின்றுவிடும். கிரானைட்டுக்கு இத்தொல்லை இல்லை.

இன்று பெரும்பாலோர் நாடுவது டைல்ஸ். அதில் செராமிக், விட்ரிஃபைடு என இரண்டு உண்டு. பின்னது மிகுந்த வெப்பத்தில் கண்ணாடிபோல் இறுகியது. தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது. கடையிலேயே டைல்ஸைத் திருப்பி, அதன் முதுகில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். செராமிக் உறிஞ்சிக்கொள்ளும், விட்ரிஃபைடில் சொட்டு அப்படியே நிற்கும்.

உறுதி மட்டும் போதுமா? எங்கள் ஆச்சி உறவினர் வீடொன்றின் பளபளப்பான தரையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆறு மாதம் படுக்கையில் இருந்தவர்கள். தரையை மாற்றப் போகிறோம் என்றதும், "எனக்கு இந்த வெடிச்ச தரையே போதும்யா" என்றார்கள். வழவழப்பான பரப்பில் நீர் சிந்தினால், பாதத்துக்கும் தரைக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் நின்று பிடிமானத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகையால், மாதிரி டைல்ஸைக் கீழே வைத்து, நீர் ஊற்றி, வெறுங்காலால் மிதித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

அடித்தளத்துக்கே எங்கள் கையிருப்பில் பெரும்பகுதி செலவாயிற்று. ஆத்தங்குடிக் கல் ஆசையை விட்டோம். அறைகளுக்கு மெருகில்லாத விட்ரிஃபைடும், குளியலறைக்குச் சொரசொரப்பான செராமிக்கும் தேர்ந்தோம். கணக்கு எளிது: 10 அடிக்கு 12 அடி அறை 120 சதுர அடி, 2 அடிச் சதுர டைல்ஸ் 30 வேண்டும், வெட்டுச் சேதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 33. எல்லாம் ஒரே தொகுப்பு எண்ணில் வாங்காவிடில் நிறம் வேறுபடும்.

வருவோர் வியக்கும் பளபளப்பைவிட, அடியிலுள்ள மண்ணும் மேலே நடக்கும் முதிய பாதங்களுமே தரையைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்கள். விலைப்பட்டியலைப் பார்க்குமுன் இவ்விரண்டையும் பார்ப்பதே அறிவுடைமை.