மருந்தின் மறுபக்கம் – 11: ஐந்து வாக்கியக் கடிதம்

1980 ஜனவரி 10-ஆம் தேதியிட்ட ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில், ஆசிரியருக்கு வந்த கடிதங்களுக்கு நடுவே, ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர் ஹெர்ஷல் ஜிக்கும் அவருடன் பணியாற்றிய ஜேன் போர்ட்டரும். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் பதிவேடுகளைப் புரட்டியபோது, அபின் வகை வலி மருந்தை ஒருமுறையாவது பெற்றவர்கள் 11,882 பேர் இருந்தார்கள். அவர்களில் முன்பு போதைப் பழக்கமே இல்லாமல் இருந்து, இந்த மருந்தால் அடிமையானதாகப் பதிவானவர்கள் நான்கே பேர். கடிதம் சொன்னது அவ்வளவுதான்.

அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்த நோயாளிகள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தவர்கள். நர்ஸ் அளந்து கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டவர்கள். ஒருவர் டப்பா நிறைய மாத்திரையோடு வீட்டுக்குப் போய் அதை மாதக்கணக்கில் விழுங்கினால் என்ன ஆகும் என்று அந்தக் கடிதம் ஆராயவே இல்லை.

37 ஆண்டுகள் கழித்து, 2017-இல், இந்தக் கடிதத்தை யார் யார் எப்படி மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கனடா ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்து அதே இதழில் எழுதினார்கள். மொத்தம் 608 கட்டுரைகள். அவற்றில் 439 கட்டுரைகள், வலி மருந்துக்கு நோயாளிகள் அடிமையாவது அரிது என்பதற்கு இதையே சான்றாகக் காட்டியிருந்தன. அந்த நோயாளிகள் மருத்துவமனைக்குள் இருந்தவர்கள் என்பதை 491 கட்டுரைகள் சொல்லவே இல்லை. மூலத்தை எடுத்துப் படிக்க இரண்டு நிமிடம் போதும். படித்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. ஜிக்கும் தன் கடிதம் மருந்து விற்பனைக்குச் சாக்காகிப் போனதைப் பற்றிப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே வேதனைப்பட்டார்.

இருமல் மருந்தாக, அடிமையாக்காத மருந்தாக ஹெராயினை பேயர் நிறுவனம் 1898-இல் சந்தைக்குக் கொண்டுவந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். நூறாண்டு நெருங்கும் வேளையில் அதே வாக்குறுதி வேறொரு மாத்திரையின் மேல் ஏறி வந்தது. கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த பர்டூ ஃபார்மா நிறுவனத்தின் ஆக்சிகான்டினுக்கு 1995 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. உள்ளே இருந்த ஆக்சிகோடோன் புதிய பொருள் அல்ல. 1916-லேயே ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்டது. புதிதாக இருந்தது மாத்திரையைச் செய்த விதம் மட்டுமே. மருந்தை மெல்ல மெல்லக் கசியவிட்டு 12 மணி நேரம் வலியை அடக்கும் என்றார்கள்.

மெதுவாகக் கசிவதால் தவறாகப் பயன்படுத்தப்படும் வாய்ப்பு குறையும் என்று நம்பப்படுகிறது என ஒரு வாக்கியம் மருந்தின் விவரத்தாளில் இடம்பெற்றது. யார் நம்பினார்கள், எந்தச் சோதனையின் அடிப்படையில் நம்பினார்கள் என்பதற்கு விடை இல்லை. சோதனையே நடக்கவில்லை. அந்த மருந்தின் விண்ணப்பத்தைப் பரிசீலித்த அரசு அதிகாரி பின்னாளில் பர்டூவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். தெருவில் பொட்டலம் விற்பவனிடம் யாரும் விவரத்தாள் கேட்பதில்லை. மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையை நாம் கேள்வி கேட்காமல் விழுங்குவதே அரசு சோதித்துப் பார்த்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான்.

பிறகு விற்பனைப் படை கிளம்பியது. எந்த மருத்துவர் வலி மருந்தை அதிகம் எழுதுகிறார் என்ற தகவலைக் காசு கொடுத்து வாங்கி, அவர் வாசலுக்கு மெடிக்கல் ரெப்புகளை அனுப்பினார்கள். அடிமையாகும் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லச் சொல்லிக்கொடுத்தார்கள். ஃப்ளோரிடா, அரிசோனா, கலிஃபோர்னியா உல்லாச விடுதிகளில் நடத்திய கருத்தரங்குகளுக்கு ஐந்தாயிரத்துக்கும் அதிகமான மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் செவிலியர்களும் செலவில்லாமல் போய் வந்தார்கள். முதல் மாத்திரைகளை இலவசமாக வாங்கிக்கொள்ள நோயாளிகளுக்குக் கூப்பன் தந்தார்கள். 1996-இல் 4 கோடியே 80 லட்சம் டாலராக இருந்த விற்பனை 2000-இல் சுமார் 110 கோடி டாலரைத் தொட்டது.

உடலுக்குள் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அபின் வகை மருந்துகள் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு வலிச் செய்தியை அடக்குகின்றன. கூடவே ஒரு சுகத்தையும் தருகின்றன. நாட்கள் செல்லச் செல்ல அதே அளவு மருந்துக்கு உடல் மசிவதில்லை. அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. மருந்து தாமதமானால் வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்பைக் குடையும் வலி, தூக்கமில்லாத இரவு. பலருக்கு ஆக்சிகான்டினின் பலன் 12 மணி நேரம் நீடிக்கவில்லை. எட்டு மணி நேரத்திலேயே இறங்கியது. மிச்ச நான்கு மணி நேரமும் பழைய வலியும் புதிய அவஸ்தையும் சேர்ந்து வாட்டும். அடுத்த மாத்திரை எப்போது என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மூளைக்கு, அடிமையாவதற்கு வேறு பயிற்சி வேண்டாம். இடைவெளியைக் குறைத்தால் ‘12 மணி நேரம்’ என்ற விளம்பரம் பொய்யாகிவிடும். அதனால் நேரத்தை மாற்றாமல் அளவைக் கூட்டும்படி மருத்துவர்களிடம் வற்புறுத்தினார்கள். 2016-இல் ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ இதை ஆவணங்களோடு வெளியிட்டது. 160 மில்லிகிராம் மாத்திரை வரை வந்தது.

இதே மருந்துகள் மூளைத்தண்டில் மூச்சை இயக்கும் பகுதியையும் தூங்கவைக்கும். அளவு மீறினால் மனிதர் உறங்குவதுபோலவே இருப்பார். மூச்சு குறைந்துகொண்டே போய் நின்றுவிடும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் அதற்குப் பெரிய அளவுகூடத் தேவையில்லை. 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரே மாத்திரையில் அடைபட்டிருந்ததால், அதை நசுக்கியவருக்கு முழுவதும் ஒரே நொடியில் கிடைத்தது. நசுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையே பலருக்கு வழிகாட்டியாகிவிட்டது.

நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வெர்ஜீனியாவின் லீ கவுண்டியில் இந்தப் பிரச்சினை முதலிலேயே வெடித்தது. முதுகு ஒடிந்த சுரங்கத் தொழிலாளர்கள் அங்கே அதிகம். வலி உண்மை, மருந்தும் தேவை. செயின்ட் சார்லஸ் என்ற சிற்றூரில் 1970-களிலிருந்து வைத்தியம் பார்த்துவந்த ஆர்ட் வான் ஸீ, தன் கண்முன் வளர்ந்த பிள்ளைகள் மாத்திரைக்கு அடிமையாகி வருவதைப் பார்த்தார். நிறுவனத்துக்கு எழுதினார், மருந்து நிர்வாகத்துக்கு எழுதினார், ஊர் மக்களிடம் கையெழுத்து வாங்கினார், செனட் குழு முன் போய் சாட்சி சொன்னார். அவரைப் போன்றவர்கள் கத்தியதை அப்போதே யாராவது காதில் வாங்கியிருந்தால் எத்தனையோ வீடுகளில் இழவு விழுந்திருக்காது.

பர்டூ மட்டுமே குற்றவாளி என்று நினைக்க வேண்டாம். மேற்கு வெர்ஜீனியாவின் கெர்மிட் ஊரில் வசித்தவர்கள் சுமார் 400 பேர். அங்கிருந்த ஒரே ஒரு மருந்துக் கடைக்கு இரண்டு ஆண்டுகளில் வந்திறங்கிய ஹைட்ரோகோடோன் என்ற அபின் வகை வலி மாத்திரைகள் ஏறத்தாழ 90 லட்சம். அனுப்பியவர்கள் மொத்த விநியோகஸ்தர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ரசீது இருந்தது. இதைத் தோண்டி எடுத்த உள்ளூர்ப் பத்திரிகையாளர் எரிக் அயருக்கு 2017-இல் புலிட்சர் விருது கிடைத்தது.

வழக்குகளின் கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007-இல் பர்டூவின் இணை நிறுவனமும் மூன்று உயரதிகாரிகளும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 60 கோடி டாலருக்கு மேல் கட்டினார்கள். யாரும் சிறைக்குப் போகவில்லை, விற்பனையும் நிற்கவில்லை. 2019-இல் நிறுவனம் திவால் நோட்டீஸ் கொடுத்தது. உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்துக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்பு தந்த ஒப்பந்தத்தை 2024-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளியது. அடுத்த ஆண்டு 740 கோடி டாலர் வரை தரும் புதிய ஒப்பந்தம் உருவானது.

இதற்கிடையே, 2010-இல் நசுக்க முடியாத மாத்திரை வந்தது. நல்ல மாற்றம்தான், பதினைந்து ஆண்டு தாமதம். ஏற்கெனவே அடிமையாகியிருந்தவர்களில் பலர் மலிவான ஹெராயினுக்குப் போனார்கள். பிறகு அதில் ஃபென்டனில் என்ற வீரியமான செயற்கை மருந்து கலந்தது. 2022-இல் அமெரிக்காவில் போதைப்பொருளும் மாத்திரையும் அளவு மீறி இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இதைப் படித்துவிட்டு, வலி மருந்தே வேண்டாம் என்று முடிவுகட்டுபவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர் எதிரான கொடுமை. 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மார்ஃபினை அத்தனை உரிமங்களுக்குள் பூட்டியதால் பெரும்பாலான மருத்துவமனைகள் அதை வாங்குவதையே விட்டுவிட்டன. புற்றுநோய் முற்றியவர்கள் வலியில் கதறிக் கதறிச் செத்தார்கள். கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் பல ஆண்டுகள் போராடிய பிறகுதான் 2014-இல் சட்டம் தளர்ந்தது. மார்ஃபினைச் சரியான அளவில், கண்காணிப்போடு கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களின் கடைசி நாட்களை அவர்கள் தாங்கக்கூடியதாக ஆக்கியிருக்கிறார்கள்.

அதே நாட்டில்தான் டிரமடால் என்ற அபின் வகை வலி மருந்தைக் கட்டுப்படுத்த 2018-இல் தனி அறிவிப்பு போட வேண்டிவந்தது. அறிவிப்பு வந்ததும் டேபென்டடால் என்ற இன்னொரு வலி மருந்து அந்த இடத்துக்கு வந்தது. தமிழ்நாட்டிலும் இளைஞர்கள் அந்த மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். அது விழுங்குவதற்காகச் செய்த மாத்திரை. அதிலுள்ள மாவும் பிணைப்புப் பொருட்களும் ரத்தக்குழாய்க்குள் போனால் அடைப்பும் சீழும் உண்டாகும், நுரையீரல் வரை கெடும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சியும் கூடவே வரும். மருந்துச் சீட்டு கேட்காமல் கடையில் எடுத்துக் கொடுக்கும் கைகளைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அதுவரை, வீட்டில் யாருக்காவது இந்த வகை மாத்திரை பழகிப்போயிருந்தால் அதைப் பிடுங்கி ஒளித்துவைக்காதீர்கள். சட்டென்று நிறுத்தினால் உடல் படும் பாட்டைத் தாங்க முடியாமல் அவர் வேறெதையாவது தேடிப் போவார். சில நாள் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் அதற்குள் உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். மருத்துவர் துணையோடு அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம். தேவைப்பட்டால் பூப்ரெனார்ஃபின் என்ற மருந்தைக் கொடுத்து ஏக்கத்தை அடக்குவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது.

(தொடரும்)