துத்தநாகம் ஏன் சீக்கிரம் கரைகிறது?

கடலும் உலோகமும் – 6

போர்க்கப்பலின் அடியில் அடித்த செப்புத் தகட்டோடு இரும்பையோ துத்தநாகத்தையோ சேர்த்துவிட்டால், செம்புக்குப் பதிலாக அது கரையும் என்று 1824-இல் ஹம்ப்ரி டேவி காட்டியதைச் சென்ற வாரம் பார்த்தோம். இன்றைய பாய்மரப் படகின் ஷாஃப்டில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டிக்கும் அதே வேலைதான். வெண்கலப் புரொப்பல்லரை அரிக்க விடாமல், அந்த அரிப்பைத் தான் வாங்கிக்கொள்கிறது.

ஆகவே கரைவது தப்பில்லை. ஒரு சீசன் தாங்கிப் பாதியாகத் தேய்ந்திருந்தால் புதிதாக மாற்றிவிட்டுப் போகலாம். வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே இருந்தால்தான் கவலை. யாராவது அதன் மேலேயே பெயின்ட் அடித்திருப்பார்கள். அல்லது ஷாஃப்டைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் மாட்டியதில் உலோகத்தோடு உலோகம் தொடாமல் இருக்கும். நன்னீரில் நிற்கும் படகென்றால் துத்தநாகத்தின் மேல் பொருக்குப் படிந்து வேலை நின்றுபோகும். அங்கே மக்னீசியம்தான் சரி.

சில வாரங்களிலேயே கட்டி காணாமல் போனால் மின்கசிவைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு ஆம்பியர் ஓயாமல் கசிந்தால் ஒரு கிலோ துத்தநாகம் ஐந்து வாரத்தில் தீர்ந்துவிடும்.

கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டரும் வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனையும் போதும். மின்முனையைப் படகோரம் தண்ணீரில் தொங்கவிட்டு, மீட்டரின் மறுமுனையைப் படகுக்குள் ஷாஃப்டில் வைக்கிறார்கள். காப்பில்லாத வெண்கலம் மைனஸ் 0.3 வோல்ட்டை ஒட்டிக் காட்டும்; துத்தநாகம் தனியாக மைனஸ் 1 வோல்ட். இரண்டும் சேர்ந்திருக்கும்போது வெண்கலத்தின் அளவு 0.2 வோல்ட்டாவது கீழே இறங்கியிருந்தால் காப்பு நடக்கிறது என்று பொருள்.

இப்போது கரையிலிருந்து கரன்ட் வரும் பிளக்கைப் பிடுங்க வேண்டும். எண் சட்டென்று இன்னும் கீழே இறங்கினால் காரணம் எர்த் ஒயர். துறையில் பிளக் மாட்டிய படகுகளையெல்லாம் அது ஒன்றாகக் கோத்துவிடுகிறது. ஊரான் வீட்டு நெய்யாக உங்கள் துத்தநாகம் பக்கத்துப் படகின் புரொப்பல்லருக்குச் செலவாகிறது. அதற்காக எர்த்தை வெட்டிவிடக் கூடாது, ஆளையே கொன்றுவிடும். ஒயரின் நடுவே கால்வானிக் ஐசொலேட்டர் வைத்தால், இந்தச் சிறு நேர்மின்னோட்டம் தடைபடும். பழுது வந்தால் பாய வேண்டிய மின்சாரத்துக்கு வழி அப்படியே இருக்கும்.

எண் அசையவில்லை என்றால் சொந்த பேட்டரியைப் பார்க்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நிம்மதியடைய முடியாது. ஆளில்லாதபோதும் ஓட வேண்டும் என்பதற்காக பில்ஜ் பம்ப்பை நேராக பேட்டரியில்தான் கொடுத்திருப்பார்கள். அதன் ஒயர் இணைப்பு அடித்தளத்தில் தேங்கிய உப்புத் தண்ணீரில் கிடக்கும். டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சைப் பொடியாக உதிரும். பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றியதும் எண் மாறினால் கசிவு அங்கேதான். அந்த மின்சாரம் எந்த உலோகத்தின் வழியாகக் கடலுக்குள் இறங்குகிறதோ அது கரையும். துத்தநாகமாக இருந்தால் செலவோடு போகும்; அடித்தளத்து வால்வாக இருந்தால் படகே மூழ்கும்.

எதற்கு வம்பு, கட்டியை இரண்டு மூன்றாக மாட்டிவிட்டால் என்ன? மரப்படகில் அப்படிச் செய்தால் வெண்கலம் பிழைக்கும்; அதைச் சுற்றியுள்ள பலகை காரம் ஏறி நைந்துபோகும். அது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)