எஸ்பிரெசோ இயந்திரத்துக்குள் படியும் உப்பு

வீட்டு எஸ்பிரெசோ இயந்திரத்தில் ஆவிக்குழாயின் சீற்றம் குறைந்து, கோப்பையில் விழும் காபியும் ஆறிப்போய் வந்தால் தூளை மாற்றிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை.

கடின நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சூடேறும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிட, கால்சியம் கார்பனேட் மிஞ்சுகிறது. சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான். பெரும்பாலான உப்புகள் வெந்நீரில் கூடுதலாகக் கரையும். இது நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைவது குறையும். அதனால்தான் சூடு மிகுந்த ஹீட்டரின் மேலேயே முதலில் படிகிறது. ஆவி எடுக்கும் பாய்லரில் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

இந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. எஸ்பிரெசோவுக்கோ 90 முதல் 96 டிகிரி வெந்நீர் சுமார் 9 பார் அழுத்தத்தில் வேண்டும். உதிர்ந்த ஒரு செதில் வால்வின் சிறு துளையில் சிக்கினாலே நீரோட்டம் தடைபடும்.

கெட்டிலின் அடியில் ஒட்டிய வெள்ளைச் செதிலைச் சுரண்டி, சிட்ரிக் அமிலக் கரைசலில் போட்டுப் பாருங்கள். ஓரங்களில் சிறுசிறு குமிழிகள் கிளம்பும், செதில் மெல்ல மெலியும். பாய்லருக்குள் நடக்க வேண்டியதும் இதுதான். நீர்த்தொட்டியில் வடிகட்டி இருந்தால் எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 20 முதல் 30 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஊற்றுங்கள். காபி வரும் வழியிலும் ஆவிக்குழாயிலும் கொஞ்சம் ஓட்டி, ஹீட்டரை அணைத்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தையும் ஓட்டுங்கள். பாய்லர் அலுமினியம் என்றால் அதிக நேரம் விடக் கூடாது, அமிலம் உலோகத்தையும் அரிக்கும். கடைசியாக இரண்டு தொட்டி நல்ல தண்ணீர் ஓட வேண்டும். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வினிகரும் கரைக்கும், ஆனால் அதன் வாடை ரப்பர் வாஷர்களில் தங்கிவிடும். என் ஓட்டு சிட்ரிக் அமிலத்துக்கே.

ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் தொல்லையே இல்லையே என்று தோன்றும். படிவு குறையும், உண்மைதான். ஆனால் சில இயந்திரங்கள் பாய்லரின் நீர்மட்டத்தை நீரின் மின்கடத்தலை வைத்தே அறிகின்றன. தாதுக்கள் அறவே இல்லாத தண்ணீர் அவற்றின் கணக்கைக் குழப்பிவிடும். காபியின் ருசியும் சப்பென்று ஆகும். ஓரளவு மென்மையான தண்ணீரே நல்லது.

போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் படிவு நீக்கும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள், கெட்டிப்பட்டுவிட்டால் கரைப்பது கடினம். தொடங்குமுன் கையேட்டைப் படித்துவிடுங்கள். சில இரட்டை பாய்லர் இயந்திரங்களுக்கு வீட்டில் அமிலமே ஊற்றக் கூடாது, சர்வீஸ் ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.